பேர் சொல்லாதது – 1

1

சுங்க அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பேத்தி பிறந்து அன்று பத்தொன்பதாம் நாள். நான் இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த நாளும் அதுவே. முதலாவதை வீட்டில் எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள். இரண்டாவதை நானும் பூண்டும் மட்டும்.

இந்த ஊர் என்பது வடக்கு ஜெர்மனியில் டிராம் ஓடும் ஒரு நடுத்தர ஊர். அந்த டிராமை ஓட்டுகிறவர்களில் நானும் ஒருவன். விழுப்புரத்துக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பிழைப்பு கிடைக்காது. எங்கள் ஊரில் வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் ஊருக்கு வருவதில்லை, வண்டி மாற வருகிறார்கள். ஐந்து திசைக்குத் தண்டவாளம் பிரிகிற ஊரில் பிறந்தவனுக்கு உட்கார்ந்த இடத்தில் கால் அரிக்கும். இங்கேயும் அரிக்கிறது. ஆனால் இங்கே ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்புகிறேன். காலையில் புறப்பட்ட இடத்துக்கே மாலையில் வந்து சேர்கிற பயணத்துக்கு மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள்.

கடிதத்துக்கு வருகிறேன். இந்த நாட்டுக் கடிதங்கள் மிகவும் மரியாதையானவை. தலையை வெட்டப்போகிறோம் என்றாலும் ‘மிகவும் மதிப்புக்குரிய ஐயா’ என்றுதான் தொடங்கும். திண்டிவனத்திலிருந்து என் அக்கா அனுப்பிய பெட்டி அவர்களிடம் இருக்கிறதாம். பட்டியலில் நான்கு பொருட்கள் புரிகின்றனவாம். ஐந்தாவதில்தான் சந்தேகம். பெட்டியின் மேல், கூரியர் கடைப் பெண் அக்கா சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தில் தட்டியிருந்த பட்டியல் இது:

சுக்கு. ஓமம். பூண்டு லேகியம். மல்லாட்டை உருண்டை. பேர் சொல்லாதது – 1.

மல்லாட்டை என்பது எங்கள் பக்கத்து வேர்க்கடலை. ஜெர்மன் மொழியில் ‘பெர்’ என்றால் ‘மூலமாக’ என்று பொருள். தபால் மூலமாக, ரயில் மூலமாக. ஆகவே அதிகாரி இப்படி எழுதியிருந்தார்: ‘பெட்டி சொல்லாததூ மூலமாக வந்ததாகக் குறிப்பிடப்பட்டுள்ளது. சொல்லாததூ என்ற பெயரில் எந்தப் போக்குவரத்து நிறுவனமும் எங்கள் பதிவேட்டில் இல்லை. ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து விளக்கவும். தவறினால் பெட்டி அனுப்புநருக்கே திருப்பி அனுப்பப்படும்.’

சிரித்ததில் உரித்த பூண்டு உரிக்காத பூண்டோடு கலந்துவிட்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெட்டி திரும்பிப் போனால் முப்பதாம் நாளுக்கு வந்து சேராது. சிரிப்பு நின்றுவிட்டது.

2

முப்பதாம் நாள் ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டுமானால் அக்காவைச் சொல்ல வேண்டும்.

அக்கா திண்டிவனத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறாள். கடை மாமாவுடையது. ஆனால் மாமா பழைய பேப்பரில் பொட்டலம் மடிப்பதோடு சரி. நோய் கேட்பது, மருந்து எடுப்பது, வந்தவரைத் திட்டுவது மூன்றும் அக்காவின் இலாகா. போன தடவை போயிருந்தபோது நான் காதால் கேட்டது:

“எத்தினி நாளா இருமல்?”

“ஒரு வாரமா இருக்குதுக்கா.”

“பீடி எத்தினி நாளா?”

“அது ஒரு இருவது வருசமா.”

“அப்ப மொதல்ல வந்தவன மொதல்ல அனுப்பு. நேத்து வந்த இருமல அப்பறமா பாத்துக்கலாம்.”

அந்த ஆள் அதிமதுரம் வாங்கிக்கொண்டு, கடைக்கு வெளியே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டு போனார்.

அக்காவின் கடையில் எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கேட்கலாம், ஒன்றைத் தவிர. பழுப்பு நிறத்தில், கணுக்கணுவாக, காய்ந்த இஞ்சிக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு வேர். பிள்ளை வளர்ப்பான் என்பார்கள். விளக்கில் சுட்டுக் கரியாக்கிப் பச்சைப் பிள்ளையின் தொப்புளைச் சுற்றித் தடவுவார்கள். துண்டு நறுக்கித் துளையிட்டுக் கறுப்புக் கயிற்றில் கோத்து, பிறந்த முப்பதாம் நாள் கையில் கட்டுவார்கள். உங்களுக்குத் தெரியும் எதைச் சொல்கிறேன் என்று. அதற்கு நல்ல, சிறிய, நான்கெழுத்துப் பேர் ஒன்று உண்டு. ஆனால் பச்சைப் பிள்ளைக்கு வாங்குகிறவர் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது வேலை செய்யாது என்பது அக்காவின் கடைச் சட்டம். வருகிறவர்கள் “அந்தப் பேர் சொல்லாதது குடுக்கா” என்பார்கள். தெரியாத்தனமாகப் பேரைச் சொல்லிவிட்டவரை அக்கா தெருக்கோடி வரை நடந்து போய்த் திரும்பி வரச் சொல்லுவாள். போய் வந்து புதிதாகக் கேட்க வேண்டும். அக்கா இதைப் படிப்பாள். ஆகவே இந்தக் குறிப்பிலும் அந்தப் பேர் வராது.

திண்டிவனத்தில் மூன்று தெருப் பிள்ளைகளின் கைக்கு அக்கா அதைக் கோத்துக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று ஒன்று கோக்க வாய்க்கவில்லை. அக்காவுக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. வளவனூரில் ஒரு கல்யாணப் பந்தியில், தூரத்து உறவான ஒரு பெரியம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டே, “எல்லாம் இருக்குது, பேர் சொல்ல ஒரு புள்ள இல்லாம போச்சே” என்றார். அக்கா இலையிலிருந்து தலை எடுக்கவில்லை.

“என் பேரச் சொல்லாம இருந்தாலே போதும் பெரிம்மா. அப்பளம் போடச் சொல்லு,” என்றாள்.

பந்தி முழுக்கச் சிரித்தது. நான் பக்கத்து இலையில் இருந்தேன். அன்றைக்கு அக்கா அந்த அப்பளத்தைச் சாப்பிடவில்லை.

என் மகள் கயல் பிறந்தபோது நான் விழுப்புரத்தில் ஒரு லாரி ஆபீஸில் இருந்தேன். மனைவி செல்விக்குப் புதுச்சேரியில் நர்ஸ் வேலை, மாற்றி மாற்றி டியூட்டி. ஆகவே கயல் நான்கு வயது வரை வளர்ந்தது திண்டிவனத்தில், அக்காவின் கடைக்குள்ளே, சுக்கு மூட்டைகளுக்கு நடுவே. பகலில் ஓமச் சாக்கின் மேல்தான் தூங்குவாள். பிறகு ஒருநாள் நாங்கள் மூவரும் விமானம் ஏறினோம். அக்கா வழியனுப்ப வரவில்லை. “கடைய யாரு பாத்துக்குவாங்க?” என்றாள். மாமா இருக்கிறாரே என்று யாரும் சொல்லவில்லை, மாமா உட்பட.

அதற்குப் பிறகு கயலுக்கும் அத்தைக்கும் இருந்த உறவு பொங்கலுக்குப் பொங்கல் மூன்று நிமிடம். நல்லா இருக்கீங்களா அத்தை, சாப்ட்டீங்களா அத்தை, சரி அத்தை. மூன்றாவது ‘அத்தை’யில் போன் என் கைக்கு வந்துவிடும்.

3

கயலும் அவள் கணவன் யோனாசும் இதே ஊரில் எட்டு நிறுத்தம் தள்ளிக் குடியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஜே என்று நாம் படிக்கிற எழுத்தை இவர்கள் ‘ய’ என்பார்கள். ஆகவே ஜோனாஸ் என்று எழுதி யோனாஸ் என்று கூப்பிட வேண்டும். மாப்பிள்ளையை நான் முதல் ஆறு மாதம் தப்பாகத்தான் கூப்பிட்டேன். நல்ல பையன், திரும்பிப் பார்த்தான்.

அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. குழந்தையைப் பார்க்க வருகிறவர்களுக்கானது. கை கழுவவும். முத்தம் வேண்டாம். எண்ணெய் வேண்டாம். புகை வேண்டாம். ஆலோசனை வேண்டாம். ஐந்தாவது மட்டும் தமிழிலும் எழுதியிருந்தது. அந்த வீட்டுக்கு வரும் தமிழர்கள் இரண்டே பேர். செல்வி நர்ஸ், அவள் ஆலோசனை சொல்வதில்லை, உத்தரவு போடுவாள். மிச்சம் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஆலோசனைதான் கூடாது, குழம்பு கூடும். ஆகவே வேலை முடிந்ததும் தூக்குச்சட்டியோடு போய்விடுவேன். பிள்ளை பெற்றவளுக்கான குழம்பில் புளி பேருக்குத்தான் இருக்க வேண்டும், பழம் புளியாக இருந்தால் உத்தமம். மிளகும் சீரகமும் வறுத்து அரைக்க வேண்டும். இரண்டு கை பூண்டை நல்லெண்ணெயில் நிறம் மாறும் வரை வதக்க வேண்டும், கருக விட்டால் குழம்பு கோபித்துக்கொள்ளும். தேங்காய் ஆகாது. ஊராக இருந்தால் வாரம் இரண்டு நாள் மரக்காணத்துப் பால் சுறா வாங்கிப் புட்டு செய்யலாம். இங்கே சுறா உறைந்த கட்டியாகக் கிடைக்கிறது. அதை உதிர்ப்பதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்துவிடும்.

டிராமில் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனால் எனக்கு இரண்டு பக்கமும் இருக்கை காலியாகிவிடும். கூட்ட நேரத்தில் இதைவிடச் சிறந்த முன்பதிவு கிடையாது.

கயல் தட்டைப் பார்த்துக் கேட்பாள்: “அப்பா, இன்னிக்கும் பைத்தியச் சாப்பாடா?”

பத்தியம் என்ற சொல் அவளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. திருத்த வாயெடுத்தேன். செல்வி தடுத்தாள்.

“வுடுங்க. சரியாத்தான் சொல்றா.”

குழந்தை சாயங்காலமானால் மூன்று மணி நேரம் அழும். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, டிராம் திருப்பத்தில் சக்கரம் கிறீச்சிடுவது போல. கயல் ஓமத் தண்ணீர் குடித்தால் பாலோடு போய்ச் சேரும் என்று ஒரு நாள் சாடையாகச் சொன்னேன். அவள் குளிர்பெட்டிக் கதவைக் காட்டினாள். மறுநாள் வீட்டுக்கு வந்த அரசாங்க மருத்துவச்சி, தாய் தினமும் சோம்பும் சீரகமும் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கயல் அன்றே வாங்கி வரச் சொன்னாள். சோம்புத் தண்ணீர் ஜெர்மனில் சொன்னால் மருத்துவம், தமிழில் சொன்னால் ஆலோசனை.

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. இருவரிடமும் ஆளுக்கொரு பட்டியல் இருந்தது. இரண்டிலும் பொதுவாக ஒரு பேர்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டிய பட்டையில் ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. ஒரு மாதத்துக்குள் பேர் சொல்லிப் பதிய வேண்டும் என்று நகராட்சியின் கடிதமும், மிகவும் மதிப்புக்குரிய என்று தொடங்கி, வந்துவிட்டது.

4

அக்காவுக்குப் போன் போட்டேன். அங்கே கடை நேரம். பின்னணியில் மாமா பேப்பர் கிழிக்கும் சத்தம்.

“பெட்டி மாட்டிக்கிச்சுக்கா. அஞ்சாவது இன்னான்னு கேக்குறாங்க.”

“அதான் எழுதியிருக்குதே.”

“பேரக் கேக்குறாங்கக்கா.”

“சொல்லாத. பச்சப் புள்ள வூட்டுக்காரன் நீ. வாயத் தொறக்காத.”

“அது கவருமெண்ட்டுக்கா. சொல்லலைன்னா குடுக்க மாட்டாங்க.”

“நல்லா பேஜாரு பண்றாங்களே. எழுதிக் குடேன்.”

“எழுதுனா மட்டும் சொன்ன மாதிரி ஆவாதா?”

“நீ எழுதுறதெல்லாம் யாரு படிக்கிறாங்க?”

டிராம் ஓட்டிய நேரம் போக இருபது வருடமாகப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறவனுக்கு இதைவிடச் சுருக்கமான விமரிசனம் வந்ததில்லை.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “தம்பி, லேகியத்த வெச்சிக்கினா வெச்சிக்கட்டும். உருண்டைய அவங்களே துன்னட்டும். அத மட்டும் வாங்கிக்கினு வந்துடு. நானே தொள போட்டுக் கோத்தது. முப்பதுக்குப் புள்ள கையில இருக்கணும்.” பிறகு, வேறு யாரையோ விசாரிப்பது போல, “கயலு ஒத்துக்குவாளா?” என்றாள்.

“ஒத்துக்குவாக்கா,” என்றேன்.

குளிர்பெட்டிப் பட்டியலை அக்காவுக்கு நான் சொன்னதில்லை.

5

சுங்க அலுவலகம் நான் ஓட்டும் தடத்தின் கடைசி நிறுத்தத்திலிருந்து பத்து நிமிட நடை. இருபத்திரண்டு வருடத்தில் அந்த நிறுத்தத்தில் எத்தனையோ ஆயிரம் தடவை வண்டியைத் திருப்பியிருக்கிறேன். அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நீலச் சட்டை போட்ட, என் வயதுள்ள ஓர் அம்மாள் பெட்டியை மேசைமேல் வைத்து, கையில் சின்னக் கத்தியும் எடுத்துக்கொண்டு நின்றார்.

“முதலில் ஒரு கேள்வி. யார் இந்தச் சொல்லாததூ?”

“அது நிறுவனம் இல்லை. பொருள். பேர் சொல்லாத பொருள்.”

“பேர் இல்லாத பொருளா?”

“பேர் இருக்கிறது. சொல்லக் கூடாது.”

அவர் என்னையும் எனக்குப் பின்னால் நின்ற வரிசையையும் பார்த்தார். “இங்கே சொல்லலாம்,” என்றார் நிதானமாக.

“இங்கேயும் கூடாது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. என் அக்கா…”

அக்கா என்றதும் அவர் ஏதோ புரிந்தவர் போலக் கத்தியைப் பெட்டியில் இறக்கினார். எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் ஓர் அக்கா இருப்பாள் போலிருக்கிறது.

சுக்கு வந்தது, போகலாம் என்றார். ஓமம் வந்தது, ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, கண்ணை மூடித் திறந்து, போகலாம் என்றார். மல்லாட்டை உருண்டையைத் தட்டிப் பார்த்தார், கல் மாதிரி சத்தம் வந்தது. “உண்கிற பொருளா?” என்றார். “பல் இருந்தால்,” என்றேன். போயிற்று. லேகியத்தின் மூடியைத் திறந்ததும் அறை முழுக்கத் திண்டிவனம் ஆனது. “நெய் இருக்கிறதா?” என்று கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா நெய்யே இல்லாமல் லேகியம் கிண்டினாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பால் பொருள் கடல் தாண்டக் கூடாதாம். டப்பா மஞ்சள் தொட்டிக்குள் போனது.

கடைசியில் ஒரு சின்னத் துணிப்பை. பிரித்தார். கறுப்புக் கயிற்றில் கடலையளவு துண்டுகள் எட்டு, நடுவே இரண்டு சிவப்பு மணி. என் இரண்டு விரல் மட்டுமே நுழைகிற வளையம். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அவர் மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் அவர் அதிகாரியாக இல்லை.

“கால்முஸ்,” என்றார்.

“என்ன?”

“கால்முஸ்தானே இது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் குட்டைக் கரையில் மண்டிக் கிடக்கிறது. சின்ன வயதில் வயிறு வலித்தால் இதைத்தான் மெல்லச் சொல்வார்கள்.” கணினியில் எழுத்தெழுத்தாகத் தட்டினார். ஐந்தாவது வரியில் சொல்லாததூ அழிந்து கால்முஸ் வந்தது. “குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அதெல்லாம் கூடாது என்கிறார்கள்.”

செல்வியும் காலையில் இதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள்.

வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அவங்களே பேரச் சொல்லிட்டாங்கக்கா.”

“அடக் கடவுளே. நீ காத மூடிக்கலையா?”

“அவங்க பாஷையில சொன்னாங்க. கால்முஸ்.”



“வேத்துப் பாஷையில சொன்னா ஒண்ணியும் ஆவாது,” என்றாள் அக்கா. “அது எங்கேயோ யாரையோ கூப்புடுறாங்கன்னு நெனச்சிக்கும்.”

“இது எந்த ஏட்டுல போட்டிருக்குது?”

“இப்பத்தான் போட்டேன். லேகியம்?”

“புடிச்சிக்கினாங்க.”

“போவுது. அந்தம்மாவுக்கும் இடுப்பு வலி இருக்கும். துன்னட்டும்.”

6

அன்றைக்கு மாலை பெட்டியோடு கயல் வீட்டுக்குப் போனேன். குழந்தை அழுது முடித்து அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. கயல் சோபாவில் சாய்ந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்து. நானாகவே நடந்ததைச் சொன்னேன். சொல்லாததூ போக்குவரத்து நிறுவனத்துக்கு வந்ததும் அவள் உதட்டைக் கடித்தாள். ‘இங்கே சொல்லலாம்’ என்று அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபோது தாங்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“அப்பா, நிறுத்துங்க, தையல் வலிக்குது.”

பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தக் கடிதத்துக்கு நான் கோவில் கட்டலாம்.

பிறகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள்.

“அப்பா, யார் இந்த அஞ்சலை? கூரியர் கடைக்காரங்களா?”

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை.

“உன் அத்தைடா.”

“அத்தை பேரா?”

“ஆமாம்.”

“எனக்கு யாருமே சொல்லலையே.”

யோசித்துப் பார்த்தேன். யார் சொல்லியிருப்பார்கள்? எனக்கு அக்கா. செல்விக்கு அண்ணி. கயலுக்கு அத்தை. தெருவுக்குக் கடையக்கா. மாமா முப்பத்தைந்து வருடமாக “இந்தா, உன்னத்தான்” என்றே கூப்பிடுகிறார். அக்காவுக்கே அந்தப் பேர் பிடிக்காது. நம் வீடுகளில் பெரியவர்களின் பேரைச் சொல்வதில்லை என்று சொல்லிச் சொல்லி, அக்காவையும் பேர் சொல்லாத அந்த ஐந்தாவது வரியில் சேர்த்துவிட்டோம்.

“எனக்கு அந்தச் சுக்கு வாசனை ஞாபகம் இருக்கு,” என்றாள் கயல். “சாக்கு குத்தும், முதுகுல. ஒருத்தங்க தூக்கிக்கினே யாரையோ திட்டுவாங்க.” ‘தூக்கிக்கினே’ என்றாள். அந்தத் திண்டிவனத்துச் சொல் இத்தனை வருடம் அவளுக்குள் எங்கே தங்கியிருந்ததோ. “அது அவங்கதானே?”

“அவங்கதான்.”

துணிப்பையைப் பிரித்து வளையத்தை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஐந்தாவது விதி. அவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். வளையத்தை அல்ல, பெட்டியின் மேலிருந்த சீட்டை.

7

பேர் பதியும் அலுவலகத்துக்கு யோனாஸ், கயல், தள்ளுவண்டியில் குழந்தை, பை தூக்க நான். ஒருவழியாக இருவரும் ஒரு பேருக்கு ஒத்துக்கொண்டார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என்ன பேர் என்று கேட்டால், “வந்து தெரிஞ்சிக்குங்க,” என்றாள் கயல். பார்பராவோ பவானியோ எதுவானாலும் சரி, அக்காவின் வாயில் நுழைந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டே போனேன். முப்பதாம் நாள் குழந்தையின் காதில் பேர் சொல்ல வேண்டியது அத்தை முறைக்காரி. யோனாசுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆகவே அந்த உரிமையும் தனக்கே என்று அக்கா ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டாள்.

பதிவாளர் இளைஞர். விண்ணப்பத்தைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

“அன்யலை.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிரேக்கப் பேராக இருக்குமோ என்று நினைத்தேன்.

“இப்படி ஒரு பேர் இருக்கிறதா? எங்கள் நூலில் இல்லையே,” என்றார் அவர். “பெண்பால் பேர்தான் என்பதற்கு ஏதாவது சான்று?”

கயல் போனை எடுத்து நீட்டினாள். திண்டிவனம் கூரியர் கடைச் சீட்டு. அனுப்புநர் என்ற இடத்தில் திருமதி அஞ்சலை என்று ஆங்கில எழுத்தில்.

அப்போதுதான் எனக்கு அந்த ஜே என்ற எழுத்து உறைத்தது. யோனாசின் எழுத்து. பையைக் கீழே வைத்தேன்.

பதிவாளர் சீட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இவர் யார்?”

“என் அத்தை,” என்றாள் கயல். பிறகு இன்னொரு ஜெர்மன் சொல்லையும் சேர்த்தாள். அந்த மொழியில் ‘வளர்த்தவர்’ என்பதற்கு நேரான சொல் எது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முத்திரை விழுந்தது. டிராமுக்குக் காத்திருந்தபோது கேட்டேன்.

“அக்கா பேர வெச்சிட்டியேம்மா. இனிமே இவளை நான் எப்படித் திட்டுறது?”

“அதுக்காகத்தான் வெச்சேன்,” என்றாள்.

8

முப்பதாம் நாள். செல்வி சட்டம் போட்டாள்: வளையம் கையில் அரை மணி நேரம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், வாய்க்குப் போகக் கூடாது. பிறகு கை எட்டாத உயரத்தில், தொட்டிலுக்கு மேலே ஆணியில். கயல் குளிர்பெட்டிப் பட்டியலின் அடியில் அதை ஆறாவதாக எழுதிக்கொண்டாள்.

கட்டினோம். குழந்தை அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. பிறகு தும்மியது.

கயலே அத்தைக்கு வீடியோ போட்டாள். அங்கே மத்தியானம், கடையில் ஈ ஓட்டும் நேரம். அக்கா போனைத் தராசுத் தட்டில் சாய்த்து வைத்திருந்தாள். ஆகவே எங்களுக்குப் பாதி முகமும் பாதிக் கூரையும் தெரிந்தன.

“அத்தை, காதுல பேர் சொல்லுங்க. ரெடியா வெச்சிருக்கேன்.”

“சொல்லுறேன். கட்டியிருக்கீங்களா? காட்டு.” பார்த்தாள். கழுத்தை ஒருதரம் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். “சரி. இன்னா பேரு? என் வாயில நொழையுமா?”

“நுழையும் அத்தை.”

“சொல்லு, ஜல்தி. யாராச்சும் வந்துடப் போறாங்க.”

“அஞ்சலை.”

தராசுச் சங்கிலி கிணுங்கியது. பாதி முகமும் போய் முழுக்கக் கூரை ஆனது. எங்களுக்கு ஒட்டடை மட்டும் தெரிந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஐயே. அந்தப் பேரா? எட்டாவது படிக்கச்சே லலிதான்னு மாத்தச் சொல்லி மூணு நாளு சோறு துன்னாம கெடந்தேன். போயும் போயும் அதையா வெச்சீங்க?”

“நல்லா இருக்கு அத்தை.”

“இன்னா நல்லா இருக்குது. இஸ்கோல்ல கிண்டல் பண்ணுவாங்க.”

“இங்க யாருக்கும் அது சொல்ல வராதுக்கா,” என்றேன் நான். “அன்யலைன்னுதான் படிக்கிறாங்க.”

கூரை அசைந்தது. அக்காவின் கண் ஒன்று மட்டும் திரைக்குள் வந்தது. ஈரமா என்று பார்ப்பதற்குள் போய்விட்டது.

“அன்யலையா?”

“ஆமாங்க்கா. ஊரு முழுக்க.”

“அப்ப நல்லதுதான்,” என்றாள். குரல் கடைக்குரல் ஆகியிருந்தது. “சரியா சொல்லாத பேரு மேல கண்ணு படாது. ஊருக்கு வேற பேரு, வூட்டுக்கு நம்ம பேரு. போன காதுகிட்ட வையி.”

கயல் போனைக் குழந்தையின் காதருகே கொண்டுபோனாள். அக்கா தொண்டையைச் செருமினாள். அறுபது வருடமாகத் தன் வாயால் சொல்லப் பிடிக்காத பேரை முதல் தடவை தயங்கியும், இரண்டாம் தடவை நிதானமாகவும், மூன்றாம் தடவை திண்டிவனம் கடைவீதிக்கே கேட்கும்படியும் சொன்னாள்.

“அஞ்சலை. அஞ்சலை. அஞ்சலை.”

அங்கே கடைவாசலில் யாரோ வந்து நின்றிருக்க வேண்டும். ஓர் ஆண் குரல், இருமலோடு, கேட்டது: “யாருக்கா அது, அஞ்சலை?”

“நாங்க ரெண்டு பேரு இருக்கோம்,” என்றாள் அக்கா. “உனக்கு இன்னா வேணும்?”